நாலரை மணி விளக்கு

9.11.1992, திங்கள்

குணலட்சுமி டீச்சர் ஒரு பழைய சஞ்சிகை தந்தாள். உலகத்துப் பெரிய மனிதர்கள் எல்லோரும் விடிய நாலரைக்கு எழும்பித்தான் பெரிய மனிதர்கள் ஆனார்களாம். எங்கள் பண்டத்தரிப்பில் புகையிலைத் தோட்டக்காரர் அத்தனை பேரும் அந்த நேரத்துக்குத்தான் எழும்புகிறார்கள். ஒருவரையும் பெரிய மனிதராகக் காணோம். என்றாலும் முயன்று பார்க்கப் போகிறேன்.

வேறு வழி? தொண்டர் ஆசிரியை என்ற பெயரோடு ஒன்பது வருஷம் போயிற்று. பட்டம் எடுத்தால்தான் நிரந்தர நியமனம். அதுவும் முப்பத்தைந்து வயதுக்குள். எனக்கு முப்பத்துமூன்று. வெளிவாரிப் பட்டப் பரீட்சையில் இரண்டு தரம் கோட்டை விட்டாயிற்று. மூன்றாவது தரம் வரும் ஜனவரி பதினொன்றில். இதிலும் தவறினால் புத்தகங்களை அடுப்புக்குள் வைப்பேன் என்று இவரிடம் சொன்னேன்.

"அப்ப விறகு மிச்சம்" என்றார்.

10.11.1992

அட்டவணை போட்டேன். 4.30 எழும்பல். 4.35 விளக்கு. 4.40 முகம் கழுவல். 4.50 தியானம். 5.00 முதல் 6.30 வரை படிப்பு. தலைப்புக்கு மட்டும் சிவப்பு மை. அடிமட்டம் வைத்துக் கோடு கீறி முடிக்க இரவாகிவிட்டது. இன்றைக்குப் படிக்கவில்லை.

12.11.1992

எங்கள் டைம்பீசைப் பற்றி எழுத வேண்டும். கலியாணத்துக்கு வந்தது, சாவி கொடுக்கிறது. நிமிர்த்தி வைத்தால் நின்றுவிடும், குப்புறப் படுக்க வைத்தால் ஓடும். (இவரும் அப்படித்தான், ஆனால் எப்படி வைத்தாலும் ஓடுவதில்லை.) நாளுக்கு இரண்டு மூன்று நிமிஷம் முந்தியும் ஓடும். அதனால் தினமும் கோயில் மணிக்குத் திருத்தி வைக்கிறேன்.

பொருளாதாரத் தடையில் பற்றரி யாழ்ப்பாணத்துக்குள் வராமல் வீட்டுக்கு வீடு மணிக்கூடு செத்துவிட்டது. இப்போது ஊருக்கே நேரம் பிள்ளையார் கோயில் மணிதான். அங்கே மணி அடிக்கிற ஆழ்வாப்பிள்ளையர் நாலரைக்கு அடித்தால் நாலரை. பங்குக் கிணற்றில் இறைப்பு முறை தொடங்குவதும் அந்த மணியோடுதான். இருபது வருஷத்தில் ஒருநாளும் பிந்தாத மனிதர். சஞ்சிகைக்காரருக்கு அவரைத் தெரியவில்லை.

20.11.1992

அதிசயம்! அலாரம் அடித்தது, ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்தி யன்னலில் வைத்தேன், உடனே கோயில் மணி. ஒரு நிமிஷம் வித்தியாசமில்லை. மூன்று நாளாக இப்படித்தான். டைம்பீஸ் திருந்திவிட்டது. ஒழுங்கான ஆளோடு இருந்தால் பொருளுக்கும் ஒழுங்கு வரும்போல.

இவருக்குச் சொன்னேன். மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

27.11.1992

தியானத்தில் நித்திரையாகிவிட்டேன். நல்ல நித்திரை.

4.12.1992

பள்ளிக்கூடம் இன்றோடு விடுமுறை. கடைசி வாரம் முழுக்க அதிபர் அரை மணி பிந்தித்தான் மணி அடித்தார். நான் வெறும் முற்றத்தில் போய் நிற்கிறேன். கேட்டதற்குத் தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார், சாவி கொடுக்கிற பழைய கடிகாரம். பாவம், வயது போகிறது.

14.12.1992

ஹெலிகொப்டர். பதுங்குகுழிக்குள் ஒன்றரை மணி நேரம். அட்டவணையில் அதற்கு இடம் விடவில்லை.

22.12.1992

நேரம் பெருகுகிறது! முன்பு ஒரு பாடம் முடியமுன் விடிந்துவிடும். இப்போது இரண்டு பாடம் முடித்து, தேத்தண்ணீரும் குடித்து, இருட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். மனத்தை ஒருமுகப்படுத்தினால் நேரம் நீளும் என்று சஞ்சிகையில் இருந்தது. நான்தான் நம்பவில்லை.

பின்னேரம் டைம்பீஸ் ஏழு காட்டச் சோறு போட்டேன். "வெய்யிலுக்கை இராச்சாப்பாடோ?" என்று இவர். அடுத்த தோட்டத்துப் பொன்னம்பலம் அண்ணையும் கிணற்றடியில் முணுமுணுத்தாராம், தண்ணீர் இறைக்கத் துலா மிதிக்க ஏறினால் கால் வைக்கிற இடம் தெரியவில்லை, இந்த வருஷம் விடியச் சுணங்குது என்று. மார்கழிதானே, அப்படித்தான் இருக்கும்.

28.12.1992

ஆழ்வாப்பிள்ளையர் வீட்டுக்கு வந்தார்! படலையில் நின்று சால்வையை முறுக்கிக்கொண்டு, "டீச்சர், மார்கழிப் பூசைக்கு நேரத்தோடை மணி அடிக்கவேணும். நீங்கள் இனி எத்தினை மணிக்கு எழும்புவியள்?" என்று கேட்டார்.

"நாலு மணிக்கு" என்றேன்.

"ஓம், அது காணும்" என்று தலையாட்டிவிட்டுப் போனார். என் ஒழுங்கு கோயில் வரைக்கும் பேச்சாகியிருக்கிறது. பொய் சொல்வானேன், பெருமையாக இருந்தது.

3.1.1993

பூசைக்குச் சங்கு ஊதிக்கொண்டு ஒழுங்கை வழியே போகிற பிள்ளைகளுக்குப் பல் கிடுகிடுக்கிறது. இந்த வருஷம் பனி கூடிவிட்டது.

10.1.1993

நாளைக்கு. புத்தகம் முழுக்க இரண்டு தரம் முடித்துவிட்டேன். முதல் தடவையாகப் பயமில்லை.

11.1.1993

என்னத்தை எழுதுறது.

ஒன்பது மணிக்குப் பரீட்சை. டைம்பீஸ் ஆறு காட்டச் சைக்கிளில் வெளிக்கிட்டேன். மண்டபத்தடிக்குப் போகவும் விடியவில்லை. காவல்காரர், "பிள்ளை, இப்ப அஞ்சரை" என்றார். இல்லை, ஆறுக்கு வெளிக்கிட்டு ஒன்றேகால் மணி நேரம் மிதித்து வந்தேன், ஏழேகால் என்றேன். கடிகாரத்தைக் காட்டினார். எங்கள் ஊர்க் கோயில் மணியோடு ஒத்துப்போகிற நேரம் என்று அந்த மனிதரோடு சண்டை பிடித்தேன். அவர் சிரிக்காமல் கதிரை ஒன்று கொண்டுவந்து வேப்பமரத்தின் கீழ் போட்டார். இருந்தேன். வெய்யில் வந்தது. இதமாக இருந்தது—

ஒன்பது இருபத்தைந்துக்கு அதே மனிதர் தோளைத் தட்டி எழுப்பினார். "பிள்ளை, சோதினை எழுத வந்தனீரோ, நித்திரை கொள்ள வந்தனீரோ? எல்லாரும் உள்ளுக்கை எழுதுகினம்!"

அரை மணிக்குப் பிறகு கதவு பூட்டிவிடுவார்கள். ஓடினேன். தலைக்குள் ஒன்றுமில்லை. ஐந்து கேள்வியில் மூன்றுதான் எழுதினேன். பின்னேரத்துப் பாடம் பரவாயில்லை.

ரெண்டு மாசம். ஒருநாள் விடாமல் ரெண்டு மாசம் எழும்பினன். கடைசியிலை மூண்டு மணித்தியாலம் முழிச்சிருக்க ஏலாமல் போச்சே எனக்கு!

12.1.1993

அலாரம் வைக்காமல் படுத்தேன். கண் விழிக்க நல்ல வெய்யில். ஊரில் ஒரு சத்தமும் இல்லை. கோயில் மணி கேட்கவில்லை. இருபது வருஷத்தில் முதல் தடவை.

கிணற்றடியில் இவரும் பொன்னம்பலம் அண்ணையும் யாருடைய முறை என்று சண்டை பிடிக்கிறார்கள். அந்த நேரம் ஆழ்வாப்பிள்ளையர் வந்தார், முகம் வெளிறி.

"டீச்சர், உங்களுக்குச் சுகமில்லையோ? விளக்கு எரியேல்லை."

"என்ரை விளக்குக்கும் உங்களுக்கும் என்ன?"

நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கோயில் மணிக்கூட்டுக்குக் கார்த்திகையிலை பற்றரி முடிஞ்சுது. வெளியிலை சொல்ல வெக்கம். டீச்சர் வீட்டிலை அலாரம் வைச்சு எழும்புகினம், படிச்ச ஆக்கள், நேரம் பிழைக்காது எண்டு, உங்கடை யன்னல் வெளிச்சத்தைப் பாத்துத்தான் அடிக்கிறனான்."

அவருடைய மணியைக் கேட்டு என் டைம்பீஸ் சரி என்று நம்பினேன். என் விளக்கைப் பார்த்து அவர் மணி அடித்தார். டைம்பீஸ் தன் பாட்டுக்கு முந்தி ஓடியது. எங்கள் இரண்டு பேரையும் நம்பி ஊரே எழும்பியது. நாலு மணி என்று நான் பீற்றிக்கொண்ட நாட்களில் உண்மையில் இரண்டரை. பனி கூடித்தான் இருந்திருக்கும்.

இவர் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "அதுதான் எனக்கு நித்திரை காணாமல் கிடந்தது" என்றார்.

15.1.1993

அதிபரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் இனித் தினமும் அவருடைய கைக்கடிகாரத்தைப் பார்த்து டைம்பீசைத் திருத்துவேன். பையில் குப்புறக் கிடத்திப் பள்ளிக்கூடம் கொண்டுபோகிறேன். பற்றரி வரும் வரைக்கும் விளக்கு வைக்கும்படி கோயிலில் கேட்டார்கள். கிழமைக்கு அரைப் போத்தல் மண்ணெண்ணெய் தருவார்களாம்.

9.7.1993

பெறுபேறு வந்தது. ஒரு பாடம் சித்தியில்லை. அந்த மூன்று கேள்விப் பாடம்தான்.

அழுதேன். புத்தகங்களை எடுத்து அடுப்படியில் வைத்தேன். இவர் தோட்டத்துக்குப் போய்ப் பனம்மட்டை கொண்டுவந்து போட்டார். "விறகு கிடக்கு" என்றார், அவ்வளவுதான்.

10.7.1993

எழும்ப விருப்பமில்லை. ஆனால் ஆழ்வாப்பிள்ளையர் அங்கே யன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பார். எழும்பினேன். கொளுத்தினேன். மணி அடித்தது.

திரும்பிப் படுக்கலாம்தான். ஆனால் கோயில் எண்ணெய் சும்மா எரிகிறது. பார்த்துக்கொண்டு இருக்க மனம் வரவில்லை. அடுப்படியில் இருந்து ஒரு புத்தகத்தை எடுத்தேன்.

17.1.1994

அந்த ஒரு பாடம் எழுதினேன். ஐந்து கேள்வியும். காவல்காரர் என்னைக் கண்டதும் கதிரை எடுக்கப் போனார். நிற்கிறேன் என்றேன்.

21.8.1994

அந்தப் பாடம் சித்தியாகிப் பட்டமும் வந்தது; இப்போது நியமனக் கடிதம். உடுப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடம், நிரந்தரம். முப்பத்தைந்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. கிழமை நாளில் அங்கேயே தங்க வேண்டும்.

ஆழ்வாப்பிள்ளையர் வந்தார். சந்தோஷம் என்றார். பிறகு சால்வையை முறுக்கிக்கொண்டு, "அப்ப விளக்கு?" என்றார். பற்றரி இன்னும் வரவில்லை.

நான் வாய் திறக்கமுன் உள்ளேயிருந்து இவர், "நான் கொளுத்துறன்" என்றார். பதினொரு வருஷத்தில் விடிய நாலரையை ஒருதரமும் விரும்பிக் காணாத மனிதர்.

"அலாரம் அடிச்சால் எழும்புவியளோ?"

"நீர் போனாப் பிறகு நித்திரை வந்தாலெல்லோ" என்றார். முகத்தைக் காட்டவில்லை.

டைம்பீசைத் தினமும் அதிபரிடம் கொண்டுபோய்த் திருத்தச் சொல்லி, இவருக்கும் ஓர் அட்டவணை எழுதி யன்னலடியில் ஒட்டினேன். சிவப்பு மை இல்லை, அடிமட்டம் இல்லை. ஒரே வரி: 4.30 விளக்கு.