கதவோரத்திலிருந்து தொடங்கினேன்

என்னவருக்கு,

ஆமாம், வேண்டுமென்றேதான் செய்தேன். கைதவறி நடந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்த ஞாயிறு பூசைக்கு ரொட்டி கொடுக்கும் முறை நம் வீட்டுக்கு வந்தது. வழக்கமாகப் பாதிரியார் ஆசீர்வதித்ததும் பெரிய துண்டு நம் ஊர்ப் பிரபுவின் இருக்கைக்கு முதலில் போகும். கதவோரம் நிற்பவர்களுக்குத் தூள்தான் மிஞ்சும். நான் எல்லாத் துண்டையும் ஒரே அளவாக வெட்டிக் கதவோரத்திலிருந்து தொடங்கினேன்.

"எனக்கா மொதல்ல?" என்றாள் சலவைக்காரி பெரின். "அடியே, ஒனக்குக் கண்ணு தெரியலையா?"

"நல்லாத் தெரியுது. கையை நீட்டு."

கோயிலுக்குள்ளேயே சிரித்துவிட்டார்கள்.

பிரபு தன் துண்டைத் தொடவில்லை; அது என் கூடையிலேயே மிஞ்சியது. வாசலில் அவருடைய காரியஸ்தர் என்னை மறித்தார்.

"லியோன் பட்டணத்துச் சிறையிலேர்ந்து ஒன் புருஷனை விடச் சொல்லி ஐயா எழுதித் தர்றதா இருந்தாரு. மன்னிப்புக் கேளு. அவன் வித்த தடைசெஞ்ச புஸ்தகம் ஒன்னையும் கெடுத்துடுச்சுன்னு சொல்லு."

"கெடுக்கலைங்க. அவரு படிச்சாரு, நான் மாவு பிசைஞ்சுக்கிட்டே கேட்டேன்."

அரசாட்சி வானத்திலிருந்து இறங்கியதல்ல, மனிதர்கள் கூடிச் செய்துகொண்ட ஏற்பாடு என்று நீங்கள் வாசித்த இரவு, நான் கவனிக்கவில்லை என்றுதானே நினைத்தீர்கள்?

பிரபுவின் கையெழுத்து இனி வராது. அங்கே குளிர் எப்படி என்று கேட்க மாட்டேன். உங்களை நினைத்து இன்று நிமிர்ந்து நடந்தேன். அதை மட்டும் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும், பிரபு தொடாத துண்டை உங்களுக்கென்று துணியில் சுற்றி இந்தக் கடிதத்தோடு வைத்தேன்.

உங்கள் மனைவி