கிருத்திகைக்குப் பிடித்த பஸ்

வட்டக்கானல்
பங்குனி 3, 1986

அன்பு மகள் சண்முகசுந்தரிக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தம்பி பொன்னுவேலும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், மஸ்கட் வெயிலில் நீயும் அவ்வாறே விட்டுக்கொண்டிருக்க முருகனை வேண்டுகிறேன்.

தம்பி உயிரோடு இருக்கிறான் என்பதைச் சொல்லிவிட்டேன், மீதியைப் பதறாமல் படி. நாம் வாடகைக்கு விடும் அறையில் தங்கிய வெள்ளைக்காரனிடம் அவன் பிரவுன் சுகர் என்கிற போதைப் பொடி பழகியதை முன்பே எழுதினேன், நீயும் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லி எழுதினாய். நானோ பெரிய வைத்தியன், அதே அறையில் பதினோரு நாள் வைத்துப் பூட்டினேன். மூக்கு ஒழுக, வயிறு போக, காலை உதைத்துக்கொண்டு கத்தினான். பக்கத்து வீட்டுச் சோலைமலை ஜன்னலில் எட்டிப் பார்த்து, "அண்ணே, டிக்கெட்டு போட்டுருவோமா, டூரிஸ்ட்டு கூடுற கோக்கர்ஸ் வாக்குல கூட இம்புட்டு வேடிக்கை கெடையாது" என்றான். நானும் டீ ஆற்றிக்கொண்டே சிரித்தேன். பன்னிரண்டாம் நாள் எழுந்து இட்லி கேட்டான். நம் டீக்கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டு, கிருத்திகை அன்று பழனியில் அவனுக்கு மொட்டை என்று நேர்ந்தும் கொண்டேன்.

கிருத்திகை அன்று வெள்ளனே எழுப்பப் போனால் கட்டையாகக் கிடந்தான், உதடு நாவல்பழ நிறம். சாராயம் என்று நினைத்து வாயில் மோரைப் புகட்டப் போனேன், உன் அம்மா செம்பைத் தட்டிவிட்டாள், அவளுக்குப் புத்தி உண்டு. அவளை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் ஜீப்பில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா ஊசி போட்ட இரண்டாவது நிமிடம் நம் துரை எழுந்து உட்கார்ந்து என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். ராத்திரி மறுபடியும் பொடி எடுத்திருக்கிறான், இத்தனை நாள் விட்ட உடம்பு பழைய அளவைத் தாங்காது, போதாததற்குப் பொட்டலத்தில் தூக்க மாத்திரையைப் பொடித்துக் கலந்திருக்கிறார்கள் போலிருக்கிறது, அதற்கு இந்த ஊசி கேட்காது, ஊசியின் வேகமும் ஒரு மணி நேரத்தில் இறங்கி மூச்சு மறுபடி அடங்கலாம், நாளை வரை கட்டிலிலேயே கிடக்கட்டும் என்றார் டாக்டரம்மா. விஷத்திலும் கலப்படமா, பாலில் வெறும் தண்ணீர் ஊற்றும் நான் எவ்வளவு யோக்கியன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் எட்டு மணிக்குப் பழனி பஸ். நேர்ந்த நாள் தப்பினால் சாமி குற்றம் என்றேன். "நான் சொல்றதைச் சொல்லிட்டேங்க, கையெழுத்துப் போட்டுட்டுக் கூட்டிட்டுப் போங்க" என்றார். போட்டேன். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து குறட்டை விட்டான். கண்டக்டர் கூட, "புள்ள அசந்து தூங்குது, எழுப்பாதீங்க" என்றார். மலை இறக்கத்தில் சவரிக்காடு தாண்டியதும் குறட்டை சன்னமாகிவிட்டது, தொந்தரவு விட்டது என்று நானும் கண்ணை மூடினேன். பழனியில் இறங்கித் தள்ளாடியவனைக் கைத்தாங்கலாக மொட்டை மண்டபத்தில் உட்கார வைத்தேன். பாதித் தலையை வழித்ததும் மயில்சாமி என்கிற நாவிதர் கத்தியைக் கீழே வைத்தார். "இது தூக்கமில்லீங்க, கழுத்து நிக்கல, நகத்தப் பாருங்க, நீலம் பாஞ்சு கெடக்கு, வெரசா தூக்குங்க" என்றார். பழனி ஆஸ்பத்திரியில் ஒரு பையை அமுக்கி அமுக்கி மூச்சைத் திருப்பினார்கள். மூளைக்குக் காற்றுப் போகாமல் கிடந்த நேரம்தான் அதிகமாகிவிட்டதாம்.

இப்போது பொடி கேட்பதில்லை. சோறும் கேட்பதில்லை, ஊட்டினால் விழுங்குகிறான். சட்டைப் பித்தான் போடத் தெரியவில்லை. உன் போட்டோவைக் காட்டினால் சிரிக்கிறான், காலண்டரில் இருக்கும் சோப்புக்காரியைக் காட்டினாலும் அதே சிரிப்பு. டாக்டரம்மாதான் அனுப்பிவைத்தார் என்று உன் அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன், அவளும் தினமும் காலையில் அந்தப் புண்ணியவதியைச் சபித்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுகிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, லீவு கேட்டு அலையாதே, வந்தால் அவனுக்கு உன்னைத் தெரியப்போவதில்லை. பழனியாண்டவர் உனக்கு நீண்ட ஆயுசும் நல்ல இடமும் கொடுக்கட்டும். ஒன்று மறந்துவிடாதே. அன்று அவனைக் கட்டிலிலேயே விட்டிருந்தால் பழையபடி எழுந்திருப்பானா என்பது நர்ஸான உனக்குத் தெரியும். அதை வீட்டு முகவரிக்கு எழுதாதே, உன் கடிதத்தை அம்மாவுக்கு உரக்க வாசிப்பவன் நான். சோலைமலை முகவரிக்குத் தனி உறையில், மழுப்பாமல் எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
அழகையா