பின் சீட்டில் ஒரு மூடி பட்டைத் தண்ணீர்

இன்று காலை ஹெப்பாளுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி ஒரு டப்பாவைத் திறந்தாள். பட்டை வாசனை பின் சீட்டுவரை வந்தது. லவங்கப்பட்டைத் தூளை மாத்திரையாக அடைத்து விற்கிறார்களாம், சர்க்கரைக்கு நல்லதாம். "நேச்சுரல் சார்" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, உன் ஞாபகமும் வந்தது. ஏன் என்று உனக்குத் தெரியும்.

நீ பட்டையை இரவே ஊறப்போட்டு, காலையில் கொதிக்கவைத்து ஃபிளாஸ்க்கில் கொண்டுவருவாய். பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு எனக்கும் ஒரு மூடி. கன்னடத்தில் பட்டைக்குச் 'சக்கே' என்று பெயர். பஸ்ஸில் உனக்குச் 'சக்கே டாக்டர்' என்றே பெயர். கல்யாண வீட்டில் ஒப்பட்டுப் போளியை வெளுத்துக்கட்டிய மறுநாள் இரண்டு மூடி கூடுதலாகக் குடித்துவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்பாய்.

நிஜ டாக்டர் உன் சர்க்கரைக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையை மட்டும் தொடமாட்டாய். திட்டித் திட்டி எனக்கு அலுத்துப்போயிற்று. ஒருநாள் கேன்டீனில் நீயே வாய் திறந்தாய்.

"எங்கப்பனும் ஒத்த மாத்திரையிலதான்டா ஆரம்பிச்சாரு. அப்பறம் ரெண்டு, அப்பறம் ஊசி. கடைசில கொள்ளேகால்ல இருந்து இங்க கூட்டியாந்து ஒரு கால எடுத்துட்டாங்க. பட்டத் தண்ணி குடிக்கிற வரைக்கும் நான் நல்ல ஆளு மாராயா. மாத்திர போட்டா நோயாளி."

இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டா எங்களைச் சிரிக்கவைத்தாய் என்று அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

மறுநாள் பஸ்ஸில், பல வருஷமாக வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டிருந்த பிரஷர் மாத்திரையை எல்லார் எதிரிலும் எடுத்து, உன் பட்டைத் தண்ணீரிலேயே விழுங்கினேன். "நானுந்தான்டா நோயாளி. வேலைக்கு வரலியா?" என்றேன். நீ ஃபிளாஸ்க்கை மூடிப் பையில் வைத்தாய். முன் சீட்டு ஸ்டோர்ஸ்காரர்தான் திரும்பி, "நந்தூ இதே, என்னோடதும் இருக்கு" என்று சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை உருவினார். அவருக்கும் சர்க்கரை என்று அன்றுதான் தெரிந்தது.

சில நாள் கழித்து நீயும் விழுங்கினாய், குழந்தைபோல் கண்ணை இறுக மூடிக்கொண்டு. பட்டைத் தண்ணீரைப் பற்றி டாக்டரிடமும் சொன்னாய். அளவாகக் குடியுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்றாராம். அப்புறம் அது பின் சீட்டு வழக்கமாகவே ஆகிவிட்டது. ரிங் ரோடு திரும்பியதும் ஆளுக்கு அவரவர் மாத்திரை, கூடவே ஒரு மூடி பட்டைத் தண்ணீர். பெருமாள் கோயில் தீர்த்தத்துக்கு நீட்டுவதுபோல் கை நீட்டுவோம். நீயும் அர்ச்சகர் தோரணையில்தான் ஊற்றுவாய்.

போன மழைக்காலத்தில் ஏதோ ஒரு காய்ச்சல் வந்து உன்னைக் கொண்டுபோயிற்று. கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டும்போது உன் மகனுக்கு முடிச்சு விழவில்லை. துணியை வாங்கி நான் கட்டினேன். வீடே அழுதுகொண்டிருந்தது, எனக்கு மட்டும், அந்த நேரத்தில் வரக்கூடாத ஒரு நிம்மதி வந்தது. யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். துக்கம் மெல்ல ஆறிக்கொண்டு வருகிறது. அந்த நிம்மதி மட்டும் இன்னும் என் விரல்களில் அப்படியே இருக்கிறது: சேர்த்துக் கட்ட உனக்கு இரண்டு காலும் இருந்தன.