உடைப்பதற்கென்றே ஒரு சீல்

‘அம்மணி’ என்று வாய் நிறையக் கூப்பிட்ட என் மாமாவுக்கு,

தோப்பில் இந்த வருஷம் காய் பரவாயில்லை. உங்கள் மகனுக்கு லேசாகத் தொப்பை விழுந்திருக்கிறது. நல்ல சேதி இவ்வளவுதான். மீதியைக் கேட்டால் உங்களுக்கும் குமட்டும்.

கதண்டுக் குளவி கொட்டி உங்களை அந்தக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போன நாளை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. பிபி விழுந்து கை கால் சில்லிட்டுப் போன ஆளுக்கு முதலில் போட வேண்டியது அட்ரினலின் ஊசி. அது அங்கே கண்ணாடி பீரோவுக்குள் இருந்தது. சாவிக்காரர் ஏதோ விசேஷத்துக்குப் போயிருந்தார். கண்ணாடியை உடைக்க ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. அதே சாவிக்காரர் துக்கம் விசாரிக்க வந்து, எல்லாம் விதி என்று சொல்லி, காபியும் குடித்துவிட்டுப் போனார். அவர் குடித்த டம்ளரைத் தொடவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

நான் கோயமுத்தூரில் அதே ஆஸ்பத்திரியில்தான் இன்னும் மருந்தாளுநராக இருக்கிறேன். பாதிப் பேருக்கு நான் மாத்திரை எண்ணிக் கொடுக்கிற பொம்பளை, உப்புக்குச் சப்பாணி. ஆனால் வார்டுக்கு வார்டு நிற்கிற அவசர மருந்து வண்டி என் பொறுப்பு. பிபி விழுந்து ஷாக்கில் போகிற நோயாளிக்கு வேண்டியதையெல்லாம் காலாவதி பார்த்து அடுக்கி, மேலே பிளாஸ்டிக் சீல் போடுவேன். அவசரம் வந்தால் கையாலேயே முறுக்கி உடைப்பதற்குத்தான் அந்த சீல். எடுத்ததை நிரப்பிப் புது சீல் போடுவதும் நான்தான்.

இந்த வாரம் இன்ஸ்பெக்‌ஷன் வருகிறதென்று வண்டிகளைக் கல்யாணப் பெண் மாதிரி ஜோடித்தார்கள். அது முடிகிறவரை யாரும் சீலில் கை வைக்கக் கூடாதென்று மேனேஜர் உத்தரவு. இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள் மத்தியானம் நான் கீழே மருந்துக் கவுன்ட்டரில் இருந்தேன். பல்லடத்துப் பெண் ஒருத்தி வரிசையில் நின்று சீட்டை நீட்டினாள். அட்ரினலின் என்று எழுதியிருந்தது. யாருக்கென்று கேட்டேன்.

“என்ற ஊட்டுக்காரருக்குங்க. ஏதோ ஊசி போட்டாங்க, மேலெல்லாம் தடிச்சுப்போச்சுங்க. மூச்சு உட முடியலீங்க.”

யோசித்துப் பாருங்கள் மாமா. மருந்து புருஷனின் கட்டிலுக்குப் பக்கத்து வண்டியில் இருக்கிறது. அதன் சீலை உடைக்கப் பயந்து சீட்டெழுதிக் கொடுத்துவிட, பெண்டாட்டி கீழே வரிசையில் நிற்கிறாள். இதைவிடக் கேவலம் உண்டா?

பில் போடாமலே எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். டூட்டி டாக்டர் தொடையில் போட்டார். பிபி ஏறவில்லை. இன்னொரு ஊசியும் சலைனும் கேட்டார். நர்ஸ் வண்டிப் பக்கம் போனவள், சீலைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள். அவளுக்கும் வேலை வேண்டுமே. நான் முறுக்கி உடைத்து மருந்தை எடுத்துக் கொடுத்தேன். ஒத்துக்கொள்ளாத ஆன்டிபயாட்டிக்கின் பெயரைக் கேஸ் ஷீட்டில் பெரிதாக எழுதவும் வைத்தேன், அந்த இனத்து மருந்தை மறுபடி யாரும் போட்டுவிடக் கூடாதே. கொஞ்ச நேரத்தில் அந்த மனுஷன் கண் திறந்து தண்ணீர் கேட்டார்.

சாயங்காலமே வண்டியை நிரப்பிப் புது சீல் போட்டுவிட்டேன். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர்கள் அதைப் பார்த்து மேனேஜரைப் பாராட்டினார்கள். அவரும் கூச்சமில்லாமல் பல்லைக் காட்டினார். அவர்கள் போனதும் என்னைக் கூப்பிட்டார்.

“உசுரு பொழைச்சது சந்தோசமுங்க மேடம். அதுக்காக உத்தரவை மீறிப்போட்டீங்களே? ஒரு மன்னிப்புக் கடுதாசி எழுதிக் குடுத்துப்போடுங்க. இல்லாட்டி வேற எடம் பாத்துக்கோங்க.”

இந்த மரியாதைப் பேச்சு இருக்கிறதே, பல்லி விழுந்த பாலைக் குடித்த மாதிரி இருக்கிறது.

எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துபோகிறது என்கிறார் உங்கள் மகன். குழந்தைகளின் படிப்பை நினைத்துச் சொல்கிறார், எனக்கும் புரிகிறது. ஆனால் உங்களை அப்படிப் பறிகொடுத்த பிள்ளை வாயிலிருந்து அது வந்ததை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

மன்னிப்புக் கடிதம் எழுதத்தான் போகிறேன், மாமா. மேனேஜருக்கு இல்லை, அந்தப் பல்லடத்துப் பெண்ணுக்கு. நாளைக்கு அவர்கள் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போகிறார்கள். புருஷன் மூச்சுக்குத் தவிக்கும்போது உங்களை வரிசையில் நிற்க வைத்தோம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அவள் கையிலேயே கொடுப்பேன். இது உங்கள் மேல் ஆணை. மேனேஜர் மேசைக்குப் போகப்போவது அதன் நகல்.

உங்கள் மூத்த மருமகள்,
சுகந்தி