படகின் மூக்கில் இருந்த பொட்டு

என் பிரியமான அப்பா,

உங்கள் படகைச் சுரண்டிவிட்டேன். கோபப்படாமல் முழுவதையும் கேளுங்கள்.

நீங்கள் கண்மூடிய பிறகு அது வாணியாறு அணைக்கரையில் கவிழ்ந்தே கிடந்தது. தண்ணீரில் இறக்கிப் பார்த்தேன், மூக்குப் பக்கம் ஒழுகியது. விரிசல் எங்கே என்று தெரியவில்லை. வருடத்துக்கு ஒரு பூச்சாக நீங்கள் அடித்த வார்னிஷ், முறுகிய வெல்லப்பாகு போல மரத்தையே மூடியிருந்தது. ஓட்டல்காரர் ஒருவர் பூச்செடி வைக்க அதைக் கேட்டார்.

"ஒழுகற படக வச்சிக்கிட்டு என்னடி பண்றது, குடுத்துடலாம்" என்றாள் அம்மா. ஒரு மாதம் பொறுக்கச் சொன்னேன்.

வார்னிஷ் எடுக்கும் மருந்து வாங்க அரூர் போனேன். பட்டம் வாங்கியும் கூச்சத்தில் கடைக்காரரிடம் வாய் திறக்கக் கால் மணி நேரம் ஆனது.

"கதவுக்காம்மா, கட்டிலுக்கா?"

"படகுக்குங்க, பாப்பிரெட்டிப்பட்டியில இருக்கு."

"பாப்பிரெட்டிப்பட்டிக்கு எப்பம்மா கடல் வந்துச்சு?"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நீங்களாக இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?

மருந்து தடவியதும் வார்னிஷ் பாலாடை மாதிரி சுருங்கும். சுரண்டும் தகட்டை மரத்தின் வரியோடு தள்ள வேண்டும், குறுக்கே தள்ளினால் கீறும். இரண்டு கீறல்கள் என் உபயம்.

மூக்குக்கு வந்தபோது பொட்டு தெரிந்தது. ஆயுதபூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் அதைத் துடைக்காமல் அப்படியே வார்னிஷ் அடித்திருக்கிறீர்கள். விரிசல் அதற்கடியில்தான் ஓடியது.

"அத அழிக்காத சாமி. அவுரு கை வச்சது" என்றாள் அம்மா. தகட்டைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டு நாள் தொடவில்லை.

மூன்றாம் நாள் அவளே வந்து குந்தினாள். "அங்கதான் ஒழுகுதா?"

"ஆமாம்மா."

"சந்தனத்து மேல அடிச்சா வார்னிஷ் எப்படிப் புடிக்கும்? மனுசனுக்கு அதுகூடத் தெரியல பாரு" என்று சிரித்தபடி தகட்டை எடுத்தாள்.

ஒரு பொட்டுக்கடியில் இன்னொரு பொட்டு. "இது நீ காலேஜு சேந்த வருசம். இது பத்தாவது எழுதுன வருசம்." சொல்லிச் சொல்லிச் சுரண்டினாள். கடைசியாக, மரத்தோடு ஒட்டி ஒன்று. கோணலாக, சின்ன விரல் அளவு.

"இது நீ வச்சதுடி. அவுரு தூக்கிப் புடிச்சிருந்தாரு. புள்ள வச்சத அழிக்க மாட்டேன்னு மேலயே அடிச்சாரு. அப்பத் தொட்டு வந்த பழக்கம்."

இதை ஏன் என்னிடம் சொல்லவே இல்லை, அப்பா?

அம்மா தகட்டை என்னிடம் நீட்டினாள். அதை நானே சுரண்டினேன். நான் வைத்ததுதானே.

மரத்தூளையும் பசையையும் குழைத்து விரிசலை அடைத்தோம். நேற்று இறக்கினோம். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட ஏறாத அம்மா, அணையின் நடுவரைக்கும் என்னோடு வந்தாள். "மெதுவாடி, மெதுவாடி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓட்டல்காரருக்கு இல்லையென்று சொல்லிவிட்டாள்.

இந்த ஆயுதபூஜைக்கு அம்மாவையே பொட்டு வைக்கச் சொல்வேன். மறுநாள் துடைத்துவிட்டுத்தான் வார்னிஷ் அடிப்பேன். அடுத்த வருடம் வைக்கத்தான் நாங்கள் இருக்கிறோமே.

படகுக்கு முதல் பொட்டு வைத்த
உங்கள் மகள்