கொல்லம் என்றால் வருடமா, ஊரா?

1934 மே 9, குளச்சல்

மழைக்கு முந்திய கடைசிக் கப்பல் இன்று போய்விட்டது. வள்ளங்களைக் கரையேற்றி மீனெண்ணெய் பூசச் சொன்னேன். தெருவெல்லாம் அந்த நாற்றம்தான். எனக்கு அது அத்தர் மாதிரி.

மணவாளக்குறிச்சி மண் சீமைக்குப் போவது எங்கள் வள்ளங்களில் ஏறித்தான். என் வீட்டுக்காரர் சேக் முகம்மது மவுத்தான பிறகு மணல் கம்பெனியின் வள்ளக் கான்ட்ராக்டை நான் விடவில்லை. வெளியே போய்ப் பேசுவது கொழுந்தன் பக்கீர் முகம்மது. யோசிப்பது நான்.

முன்பெல்லாம் கம்பெனிக்கு மஞ்சள் மண் மட்டும் போதும், காஸ் விளக்கின் மேண்டிலுக்கு. கறுப்பு மண்ணைத் திரும்பக் கடற்கரையிலேயே கொட்டுவார்கள். இப்போது சீமையில் கரண்டு விளக்கு வந்துவிட்டதாம், மேண்டிலை யாரும் சீண்டுவதில்லையாம். கறுப்பு மண்ணில் வெள்ளைப் பெயின்ட் செய்கிறார்களாம்! கொட்டினதையெல்லாம் அள்ளுகிறார்கள். ஆண்டவன் குதரத்தை, அவன் வல்லமையை என்ன சொல்ல.

மே 22

பக்கீர் கம்பெனி ஆபீசுக்குப் போய் வந்தான்.

"மைனி, கிளார்க்குக்கிட்ட கேட்டாச்சி. இனி கப்பல் அடுத்த கொல்லம்னு சொன்னாரு."

சரிதானே. எங்கள் பக்கத்தில் வருடத்துக்குக் கொல்லம் என்றுதான் பேர். ஆவணியில் புதுக் கொல்லம் பிறக்கும், கடலும் அப்போதுதான் அடங்கும். கறுப்பு மண் என்றால் மலை மலையாகப் போகும், இருக்கிற வள்ளம் பற்றாது. புது வள்ளம் ஒன்று கட்ட ஆளைக் கூப்பிட்டுவிட்டேன். நல்ல அயனிப் பலகை, புதுக் கயிறு. குளச்சல் கரையில் இதைவிடப் பெரிய வள்ளம் இருக்கக் கூடாது.

ஜூன் 30

மழை. கடல் கிடந்து கத்துகிறது. வள்ளத்தின் அடிப்பலகைகளைக் கயிற்றால் தைத்து முடித்துவிட்டார்கள்.

ஜூலை 17

ஓதப்பள்ளியில் படித்த அரபுத் தமிழ் எழுத்தில்தான் எப்போதும் எழுதுகிறேன், இன்று அதுவும் கோணல் மாணலாக வருகிறது.

பக்கீர் கோட்டாறு சந்தையிலிருந்து ஓடி வந்தான். மண்ணைக் குவித்துவைக்கக் கம்பெனி கொல்லத்தில் பெரிய கிட்டங்கி பிடித்துவிட்டதாம். ஊர்க் கொல்லம்! "இனி கப்பல் அடுக்குந்நது கொல்லம்" என்று அந்தக் கிளார்க் மலையாளத்தில் சொல்லியிருக்கிறான், வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு. கப்பல் இனிக் கொல்லம் துறைக்குத்தான் வரும் என்று அர்த்தம். இவன் காதில் அது 'அடுத்த கொல்லம்' என்று விழுந்திருக்கிறது.

"கொல்லம்னா வருசமில்ல மைனி, ஊரு!" என்கிறான், என்னமோ நான்தான் தப்பாகக் கேட்ட மாதிரி.

மதுரைக்காரன் கேட்டிருந்தால் சரியாக ஊர் என்றே எடுத்திருப்பான். எங்களுக்குத்தான் ரெண்டு பாஷை தெரியுமே! அந்தத் திமிருல வந்த வினை. எவனுமே எனக்கிட்ட நேரா ஒண்ணும் சொல்ல மாட்டானா? நான் என்ன, திரைக்குப் பின்னால நிக்க மரக்கட்டையா?

வள்ளங்களை இப்போதே விற்றுவிடலாம் என்கிறான் பக்கீர். அதை நம்பி எத்தனை அடுப்பு எரிகிறது! முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 20

ஜும்ஆத் தொழுகைக்கு ஆண்கள் போயிருக்கிறார்கள். வீடு அமைதி. யோசித்தேன்.

கம்பெனிக்கு என்மேல் கோபமா? அதற்குக் கோபமும் கிடையாது, பாசமும் கிடையாது. பிறகு ஏன் போகிறது? மஞ்சள் மண் கொஞ்சம் போனாலும் நல்ல விலை, கப்பல் எத்தனை நாள் நின்றாலும் தாங்கும். கறுப்பு மண் மலிவு, ஏராளமாகப் போனால்தான் லாபம். கப்பல் நிற்கிற ஒவ்வொரு நாள் வாடகையும் அந்த லாபத்தைத் தின்றுவிடும். ஏன் நிற்கிறது என்று லண்டனில் உள்ளவன் இங்குள்ள துரையைக் கேட்பான். துரை தன் வேலையைக் காப்பாற்றக் கொல்லத்துக்கு ஓடுகிறார்.

சரி, கப்பல் ஏன் நிற்கிறது?

எங்கள் ஆட்கள் வெள்ளிக்கிழமை துடுப்பைத் தொட மாட்டார்கள். இன்னொரு கான்ட்ராக்டர் யோவானின் ஆட்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கோவில். ஒரு கப்பல் எங்களுக்கு, அடுத்தது யோவானுக்கு, சேர்ந்து ஏற்றியதே இல்லை. எந்த வள்ளம் முதலில் கப்பலைத் தொடுவது என்று என் வீட்டுக்காரரும் யோவானும் என்றைக்கோ போட்ட சண்டை. பாதி வள்ளங்கள் எப்போதும் கரையில் சும்மா கிடக்கின்றன.

துரைக்கு இது தெரியாது. யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஜூலை 29

கூண்டு வண்டியில் யோவான் வீட்டுக்குப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து யாரும் மிதிக்காத வாசல். பக்கீர் வரமாட்டேன் என்று இருந்துகொண்டான்.

யோவானின் மனைவி குளோரி பாய் விரித்து உட்காரவைத்தாள். முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "எங்க வீட்டுல உள்ளவருக்கும் வீம்பு, உங்க வீட்டுல இருந்தவருக்கும் வீம்பு. ரெண்டு பேரு வீம்பையும் கொல்லத்துக்காரன் தின்னுட்டுப் போறான், பாத்துக்கிடுங்க."

அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

உள்ளேயிருந்து யோவான் குரல்: "சம்மதம்னு சொல்லு. ஆனா மொதல்ல கப்பலத் தொடுகது நம்ம வள்ளம்."

என் வீட்டுக்காரர் சாகும்வரை விட்டுக்கொடுக்காத ஒன்று. சரி என்றேன். வண்டியில் வரும்போது கொஞ்சம் அழுதேன்.

ஆகஸ்ட் 21

சொல்லியனுப்பினதற்குத் துரையே வந்தார்! கம்பெனி துரை, எங்கள் வீட்டு முன்கட்டில், நாற்காலியில். நான் திரைக்கு இந்தப் பக்கம். பக்கீர் நடுவில் நின்று சொல்ல வந்தான். இனி வாய்க்கு வாய் மாறி வருகிற பேச்சு இந்த வீட்டில் செல்லாது என்று அவனை உட்காரச் சொன்னேன். துரைக்குத் தமிழ் வரும், கல்லும் நெல்லுமாக.

"எல்லா வள்ளமும் ஒரே கப்பலுக்கா? வெள்ளிக்கிழமை?"

"யோவான் வள்ளம் ஓடும்."

"ஞாயிற்றுக்கிழமை?"

"என் வள்ளம் ஓடும்."

"மழை வந்தால்?"

"அது உங்களுக்கும் எனக்கும் மேலே உள்ளவன் காரியம்."

சிரித்துவிட்டார். எனக்கு மேலே லண்டன் வேறு இருக்கிறது, எழுதிப் பார்க்கிறேன் என்றார். ஒரு கப்பல் இங்கே அனுப்புங்கள், கொல்லத்தைவிடத் தாமதமானால் நானே கான்ட்ராக்டை விட்டுவிடுகிறேன் என்றேன். பக்கீர் முகம் சுண்டிப்போயிற்று.

அதிகப் பேச்சோ? இருக்கட்டும்.

செப்டம்பர் 12

லண்டனிலிருந்து பதில் இல்லை. புது வள்ளம் தண்ணீரில் இறங்காமல் வெயிலில் கிடக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் சிரிக்கிறார்களாம்.

அக்டோபர் 7

ஞாயிறு. ஒரே ஒரு கப்பலுக்கு லண்டன் சரி சொல்லிவிட்டது. கப்பல் நிற்கிறது, மண் ஏறுகிறது!

முதலில் போய்த் தொட்டது யோவான் வள்ளம். பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன், பார்த்தேன். நெஞ்சு வலித்தது, பிறகு போய்விட்டது. வெள்ளிக்கிழமை எங்கள் ஆட்கள் பள்ளியில் இருக்கும்போது யோவான் ஆட்கள் மூட்டை சுமந்தார்கள். இன்று கோவில் மணி அடிக்க, என் வள்ளங்கள் அலையைத் தாண்டிப் போகின்றன. முன்னால் புது வள்ளம். மச்சில் நின்று கண் கூசுமட்டும் பார்த்தேன். பெருமையாக இருக்கிறது. ஏன், பெருமைப்பட்டால் என்ன?

அக்டோபர் 9

கப்பல் போய்விட்டது. குளச்சலில் இத்தனை சீக்கிரம் எந்தக் கப்பலும் நிரம்பியதில்லை. குளோரி ஒரு தூக்குவாளி பாயசம் கொடுத்தனுப்பினாள்.

நவம்பர் 3

கொல்லம் கிட்டங்கியைக் கம்பெனி திருப்பிக் கொடுத்துவிட்டது. கப்பல்கள் இங்கேதான் வரும். தக்கலை வரைக்கும் இதுதான் பேச்சாம். "எல்லாம் நான் போட்ட பிளான்" என்று பக்கீர் கடைத்தெருவில் சொல்லித் திரிகிறான். சொல்லட்டும். பயந்தவனுக்கும் கொஞ்சம் சந்தோஷம் வேண்டாமா.

காலையில் கம்பெனிக் கிளார்க் வாசலுக்கு வந்தான். கரையில் புதிதாகக் கிட்டங்கி கட்டப் போகிறார்கள், எந்த இடம் தோது என்று துரை கேட்டு வரச் சொன்னாராம். பக்கீர் சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் போனான்.

"நிங்ஙளல்ல," என்றான் கிளார்க். "பீவியெக் காணணம்." என்னைத்தான் பார்க்க வேண்டுமாம்.

பக்கீர் விலகி வழிவிட்டான். நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன்.