பாதி கரன்டில் ஓடும் சிப்

பெங்களூரு, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜாஸ்லின் எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆபீசில் எல்லோருடைய போனையும் சோதனைக்கு வாங்கி வைத்திருப்பதால் இந்தக் கடிதம்.

பாலக்கரை கல்யாணப் பந்தியில், "எம் பொண்ணு செய்யற சிப்புக்குப் பாதி கரன்ட் போதும், பொங்கலுக்கு வருது" என்று சொன்னீர்களாமே? அத்தை சொல்லிச் சிரித்தார். பக்கத்து இலையில் சாப்பிட்டவர் எங்கள் போட்டிக் கம்பெனிக்காரர். அவர்கள் தங்கள் சிப்பைத் தீபாவளிக்கே அறிவித்துவிட்டார்கள்.

இங்கே யார் வெளியே சொன்னது என்று தேடுகிறார்கள். வெள்ளிக்கிழமை என் பக்கத்து மேசை ரஞ்சனியை, அவளும் நம் ஊர்ப்பக்கம் என்பதால், வேலையை விட்டு அனுப்பினார்கள். "ஊர்ல யார்கிட்ட பேசினீங்கன்னு திரும்பத் திரும்பக் கேட்டாங்கடி. நான் யார்கிட்ட பேசினேன்?" என்று அழுதாள். ஸ்ரீரங்கம் போகிற வழியில் பொன்மலையில் இறங்கி, இந்தக் கடிதத்தை அவள்தான் உங்களிடம் தருவாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

உட்காரவைத்துச் சாப்பாடு போடுங்கள். சிப்பைப் பற்றிப் பேச வேண்டாம்.

இங்கே குளிர் அதிகம். பருப்புப்பொடியும் என் பழைய போர்வையும் கேட்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். நாளை காலை என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நடந்ததைச் சொல்லிவிடுவேன், அப்பா.

போர்வையை அனுப்ப வேண்டாம். அங்கேயே இருக்கட்டும். ரஞ்சனி வந்துவிட்டாள், உறையை ஒட்டுகிறேன்.

உங்கள்
ஜாஸ்லின்